நாலு மணி இரைச்சல்

அடுத்த வீட்டுப் பெண் எதுவினா ரேடியோவில் பேச ஆரம்பித்ததும், என் சமையலறையில் உட்கார்ந்திருந்த எரிபெர்தோவின் வாக்கி டாக்கி இரைந்தது.

மூன்றாவது நாள். அதே நாலு மணி. அதே இரைச்சல்.

வெளியே பனிமூட்டம் குடாவை விழுங்கிவிட்டு வேலிவரை வந்து நின்றிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் சீலோவேத் தீவில் மனிதர்களைவிடக் குரல்கள்தான் அதிகம் நடமாடும். படகுக்கும் கரைக்கும் ஒரே சேனல். யாரும் ஒட்டுக்கேட்பதில்லை. வீட்டுக்கு வீடு வாக்கி டாக்கிப் பெட்டி திறந்திருக்கிறது, காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை என் காதில் விழுந்தது. சிப்பிப் படகில் வேலை பார்க்கும் ரோசமேல் ஊரறியக் கேட்டான்.

"எதுவினா, வியாழக்கிழமை படகு வடக்கே போகுது. போனா ரெண்டு வருஷம். நான் போகவா, இறங்கிடவா?"

குடா முழுக்க மாவு பிசைகிற கைகள் நின்றன.

அவள் பதில் சொன்னாள். இரைச்சல் தின்றுவிட்டது. புதன்கிழமையும் சொன்னாள். அதையும் தின்றது.

கெட்டில் கொதிக்கிற சத்தம் என்றான் ஒரு படகுக்காரன். விறகு வெடிக்கிற சத்தம் என்றான் இன்னொருவன். யாரோ மூச்சு வாங்குகிறார்கள், பேய்க்கப்பல்தான் என்றான் மூன்றாமவன்.

எனக்கு இரைச்சலே இல்லை. நல்ல கட்டம் வரும்போது பெட்டி ஊமையாகிவிடும். என் தலையெழுத்து.

ரேடியோ ரிப்பேர் செய்கிற எரிபெர்தோ நேற்றே அவள் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டான். பேட்டரி மாற்றினான். ஏரியல் மாற்றினான். மைக் ஓட்டையில் அடைத்திருந்த ரொட்டி மாவை ஊசியால் தோண்டினான். பேசும் பொத்தானை அழுத்தினால் உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தது. படகுத்துறையில் பேசிப் பார்த்தால் குரல் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனால் துறையிலிருந்து பேசினால் படகுவரை எட்டாது, இந்த மேட்டு வீடுகளிலிருந்துதான் எட்டும். கடைசியில் பெட்டியையே மாற்றிக் கொடுத்தான். அதே இரைச்சல்.

அதனால்தான் இன்று, பக்கத்து வீட்டில் எப்படிக் கேட்கிறதென்று பார்க்க என்னிடம் வந்தான்.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. பொண்ணுக்குத்தான் சொல்லத் தெம்பில்ல," என்றேன்.

"குளோரிந்தா அக்கா, கொஞ்சம் வாயை மூடிட்டு இருங்க."

இன்று வியாழன். நாலரைக்குப் படகு கிளம்பும். அதற்குள் பதில் வராவிட்டால், வேண்டாம் என்று ரோசமேல் அர்த்தம் எடுத்துக்கொள்வான். ஆண்பிள்ளைகளுக்கு அது சுலபம்.

நான் என் பெட்டியை இறுக்கிப் பிடித்துக் காதோடு அணைத்தேன். ஊமை.

எரிபெர்தோவின் பெட்டி சீறியது. அவன் அடுப்பைப் பார்த்தான். எழுந்து போய்க் கெட்டிலை இறக்கி வைத்தான்.

சீறல் நின்றது.

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது. அவன் பெட்டிக்குள்ளும் ஒன்று வெடித்தது.

எனக்கானால் பதற்றம் தாங்கவில்லை. "சொல்லித் தொலையேண்டி," என்று முணுமுணுத்தேன்.

"சொல்லித் தொலையேண்டி," என்றது எரிபெர்தோவின் பெட்டி. எங்கேயோ கேட்ட குரல்.

அவன் என் பக்கம் திரும்பினான். என் கையிலிருந்த பெட்டியின் உச்சியில் சிவப்பாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

முள் எடுக்கிற மாதிரி, பேசும் பொத்தான்மேல் இருந்த என் கட்டை விரலைப் பிரித்தான்.

சிவப்பு அணைந்தது.

பனிமூட்டத்தைத் தாண்டி, மடியில் தலைவைத்துப் பேசுகிற மாதிரி, எதுவினா வந்தாள்: "...இறங்கிடு. மூணு நாளா அதைத்தானே சொல்றேன்."

அடுப்பில் சாம்பல் சரிகிற சத்தம்கூடக் கேட்டது.

பிறகு கடலிலிருந்து ரோசமேல்:

"கேட்டுச்சு."

கொஞ்சம் இடைவெளி விட்டு, ரொம்ப மரியாதையாக:

"குளோரிந்தா அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சா?"