பாட்டு மட்டும் மிச்சம்

“முதல்ல கடிகாரத்தைத் தூக்கினேன், அண்ணே. அப்புறம் ஜன்னல் எல்லாத்தையும் கழட்டினேன். தபால்காரனை இந்தப் பக்கமே வராதேன்னு சொல்லிட்டேன். இப்ப உள்ளே பாட்டு மட்டும்தான் குடியிருக்கு.”

இளைய சகலை காலி செய்தது வீட்டை அல்ல. அலமாரி மேல் இருந்த ஒரு பழைய லேப்டாப்பை. மூத்த சகலையான பல் டாக்டர், சுவாரசியமே இல்லாதவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

சாதாரணக் கணினி பாடும்போதே நூறு வேலை பார்க்குமாம். மணி பார்க்கும், மெயில் வந்ததா என்று எட்டிப் பார்க்கும். அந்த இடைஞ்சலில் பாட்டு கலங்கிவிடுமாம். அதனால் சகலை இறகு மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் பிடித்து, அதிலும் வேண்டாததைக் கழித்து, ஒரு பென் டிரைவில் அடைத்திருந்தார். பாட்டுகள் லேப்டாப்பில் இருந்தன. அவற்றை நடத்தும் மூளை, பின்புறம் செருகியிருந்த அந்த நகத்தளவுப் பென் டிரைவில்.

டாக்டர் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம் என்றுதான் வந்திருந்தார். குடும்பத்தில் பாட்டு என்றால் அவர் வீடுதான். அவருடைய ஸ்பீக்கர்கள் பீரோ உயரம். யார் வந்தாலும் அவற்றுக்கு எதிரேதான் நாற்காலி போடுவார்கள். போன வாரம் சகலை போன் செய்து, உங்கள் லேப்டாப் எந்த மாடல், மெமரி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டபோதே, போட்டிக்கு வருகிறான் என்று நினைத்து வேண்டாவெறுப்பாகத்தான் பதில் சொன்னார்.

லேப்டாப்போடு இணைத்திருந்த இரண்டு சின்ன ஸ்பீக்கர்களில் ஒரு பெண் பாடத் தொடங்கினாள். டாக்டர் வருஷக்கணக்காகக் கேட்ட அதே பாட்டு. ஆனால் இங்கே, குரல் வருவதற்கு முன் அவள் உதடு பிரிவது கேட்டது. ‘ச’ வரும் இடங்களில் மெல்லிய காற்று கசிந்தது. அவளுக்கு முன்பற்கள் நடுவே சின்ன இடைவெளி. எத்தனையோ வாயைப் பார்த்தவருக்கு, இது மட்டும் தன் வீட்டில் ஒருநாளும் தெரியவில்லை.

அதைவிட மோசம், பக்கத்தில் மனைவி கண்ணை மூடியிருந்தாள். அவர் வீட்டில் பாட்டு ஓடும்போது அவள் துணி மடிப்பாள்.

“இத்தனை நாள் நம்ம வீட்டுல என்னத்தைங்க கேட்டோம்?” என்றாள், கண் திறக்காமலே.

குத்திக்காட்டச் சொன்னதல்ல. அதனாலேயே ஆழமாக இறங்கியது.

டீ போட அடுக்களையிலிருந்து தங்கை கூப்பிட, மனைவி எழுந்து போனாள். கப் எடுத்துத் தரச் சகலையும் பின்னால் போனார். அறையில் டாக்டரும் அந்தக் குரலும் மட்டும் இருந்தார்கள்.

அவருக்கு வயிறு எரிந்தது. எழுந்து அலமாரி அருகே போனார். மூடியில் விரிசல் விட்ட லேப்டாப்; இதுவா அவள் கண்ணை மூட வைத்தது? கை தானாகப் பின்புறம் போயிற்று. ஆடுகிற பால்பல்லை எடுப்பதுபோல் மெல்ல இரண்டு அசைப்பு, ஒரு இழுப்பு. பென் டிரைவ் சட்டைப் பைக்குள் விழுந்தது.

மூளையைப் பிடுங்கியாயிற்று, பாட்டு நிற்கக் காத்திருந்தார். நிற்கவில்லை. தூக்கத்தில் நடப்பவள் படியைத் தவறவிடாமல் இறங்குவதுபோல, ஒரு திணறலும் இல்லாமல் அவள் பாடிக்கொண்டே போனாள். டாக்டர் குனிந்து லேப்டாப்பின் பின்புறத்தை இன்னொரு தடவை பார்த்தார். திரும்பச் செருகிவிடலாமா என்று நினைப்பதற்குள் கப்புகளின் சத்தம் வந்துவிட்டது. இன்றைக்குப் பாடட்டும், நாளைக்கு ஆன் பண்ணினால் வாய் திறக்காது என்று தேற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

டீயைக் குடித்தபடி சகலையைத் தாராளமாகப் பாராட்டினார். இப்போது அது சுலபமாக இருந்தது. சகலை காதுமடல் சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது மைத்துனி வாசலில் மறித்தாள்.

“அத்தான், உங்களுக்குன்னு உட்கார்ந்து செஞ்சதைக் கொடுக்காம, புது மாப்பிள்ளை மாதிரி நெளியறாரு பாருங்க.”

சகலை தலையைச் சொறிந்தார். கல்யாணத்துக்கு முன்னால் தனக்குப் பாட்டே பிடிக்காது, டாக்டர் வீட்டு சோபாவில்தான் பிடிக்க ஆரம்பித்தது என்று எங்கேயோ தொடங்கி, தடுமாறி, விஷயத்துக்கு வந்தார். ஆன் பண்ணியதுமே அந்தச் சிஸ்டம் மொத்தமும் மெமரிக்குள் ஏறிவிடும். அதற்கப்புறம் பென் டிரைவை உருவினாலும் பாட்டு நிற்காது. சகலையின் சொந்தப் பென் டிரைவ் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்றைக்குப் பாடியது டாக்டரின் லேப்டாப்புக்கென்றே செய்தது. அவர் காது ஒருமுறை சரி என்று சொன்ன பிறகு கொடுக்கலாம் என்று அதைச் செருகி வைத்திருந்தார்.

மனைவி டாக்டரைப் பெருமையாகப் பார்த்தாள். மூவரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

“பின்னாடிதான் இருக்கு, நீங்களே உங்க கையால எடுத்துக்கங்க, அண்ணே.”