அலமாரிக் கண்ணாடி

ஓட்டத்தில் இரண்டாவதாக வந்த தவசீலன், மார்பில் மையால் எழுதிய எண் வியர்வையில் கரைய, உள்ளாடையோடு ராணுவ டாக்டர் முன் நின்றான். ஏற்கெனவே இரண்டு தடவை காதுச் சோதனையில்தான் அவனைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அடுத்த மாதம் வயது வரம்பும் முடிகிறது. "சுவரைப் பாத்து நில்லுப்பா. பின்னாலருந்து மெதுவா நம்பர் சொல்வேன், நீ சத்தமா திருப்பிச் சொல்லணும்" என்றார் டாக்டர். சுவரோரம் மருந்து அலமாரி இருந்தது. அதன் கண்ணாடியில் அவருடைய உதடுகள் தெளிவாகத் தெரிந்தன. பன்னிரண்டு வயதுக் காய்ச்சலில் காது போனதிலிருந்து அவன் ஊர்ப்பேச்சு முழுவதையும் உதடுகளில்தான் படித்துவந்தான். "இருவத்தாறு சார்!" என்றான். "எம்பத்தொண்ணு சார்!" டாக்டர் ஒரு கணம் அலமாரியைப் பார்த்தார். பிறகு உதடுகள் மறுபடி அசைந்தன. "நாப்பத்தேழு சார்!" இந்த முறை டாக்டர் குரலே கொடுக்கவில்லை என்பது அவனைத் தவிர அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவன் போட்ட சத்தத்துக்கு வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தவசீலன் நெஞ்சை இன்னும் நிமிர்த்தி, அடுத்த எண்ணுக்காகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.