ஒரே ஒரு சப்பட்டை

"எட்டு மாசமா சூளை எரியல! இது மண்பாண்டச் சங்கமா, இல்ல மண்ணு கொட்டி வைக்கிற கிடங்கா?"

வக்கீல் மேசையைத் தட்டிய வேகத்தில் அலமாரியில் இருந்த சுடாத குவளைகள் ஒருமுறை ஆடி நின்றன. அவருக்குத் தொழில் தையல். யார் எதைச் சொன்னாலும் "அது எப்படி?" என்று ஆரம்பிப்பதால் சங்கத்தில் வைத்த பெயர் வக்கீல்.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் மண் பிசைய வருகிறவர்கள் சேர்ந்து, பழைய பட்டறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பின்பக்கம் ஒரு சூளையும் கட்டிக்கொண்டது. சம்பளம் யாருக்கும் கிடையாது, பதவி மட்டும் உண்டு. ஒரு காலத்தில் கூட்டம் என்றால் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நிற்பார்கள். இன்று நாற்காலிகள்தான் திரண்டு வந்திருந்தன. ஆட்கள் பதினோரு பேர்.

"புகைபோக்கி விரிசல் விட்டிருக்கு. பத்த வைக்க முடியாது," என்றார் தலைவர். அவர் பல் டாக்டர். பன்னிரண்டு வருடமாக அவர்தான் தலைவர்.

"விரிசலை அடைக்க வேண்டியதுதானே டாக்டர்?"

"அதுக்குச் சூளைக் குழு கூடணும்."

"கூட்டுங்க!"

"குழுவுல இருந்தவங்க எல்லாம் போன மாசமே சங்கத்தை விட்டுப் போயிட்டாங்களே."

"ஏன் போனாங்க?"

"சூளை எரியலன்னு."

வக்கீலுக்கு மூக்கு விடைத்தது. அலமாரியின் மேல்தட்டில் நின்ற பெரிய ஜாடி அவருடையது. இரண்டு மாதம் கண் விழித்து வனைந்தது. சுடாத ஜாடி வெறும் சேறுதான், காய்ந்து நிற்கிறது என்பதைத் தவிர வித்தியாசமில்லை. கூரையோ ஒழுகல். போன மழையில் அவருடைய இரண்டு பானைகள் வந்த வழியே மண்ணுக்குத் திரும்பிவிட்டன.

"டாக்டர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டு வர்றேன்!"

சற்றுமுன் வாசலில் நின்று, "நீங்க எழுந்திரிங்கண்ணே, நாங்க பின்னாடி நிக்கிறோம்," என்று அவரை உசுப்பிவிட்டவர்கள் எல்லோரும் இப்போது அவரவர் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

செயலாளரான மருந்துக்கடை அக்கா மட்டும் தொண்டையைச் செருமினாள். "கொண்டு வாங்க. ஆனா விதி தெரியும்ல? தீர்மானம் ஜெயிச்சா, கொண்டு வந்தவருதான் அடுத்த தலைவர்."

"அது எப்படி?"

"அப்படித்தான். சாவி உங்க கைக்கு வரும். கூரையும் உங்களோடது, புகைபோக்கியும் உங்களோடது. கட்டட ஓனர் விடிகாலையில போன் பண்ணித் திட்டுவாரு, அதையும் நீங்கதான் கேட்டுக்கணும்."

"வேலைக்குப் பயந்தவன் இல்ல நான். ஓட்டுக்கு விடுங்க! ஆனா கை தூக்குற கதையெல்லாம் வேணாம். இங்க பாதிப் பேருக்கு அவருதான் பல்லு கட்டியிருக்காரு. முகத்தைப் பார்த்து எவன் கை தூக்குவான்?"

ரகசிய ஓட்டுக்குச் சங்கத்தில் ஒரு முறை இருந்தது. ஆளுக்கு ஒரு கிள்ளு ஈரமண். திரைக்குப் பின்னால் போய், தலைவர் இருக்கட்டும் என்றால் உருட்டவேண்டும், போகட்டும் என்றால் சப்பட்டையாக அமுக்கவேண்டும். பிறகு வாய் குறுகிய பானைக்குள் போட்டுவிட்டு வரவேண்டும். வக்கீல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாகப் போய் வந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். டாக்டர் கடைசி.

அக்கா பானையைக் கவிழ்த்தாள். உருண்டை. உருண்டை. இன்னொரு உருண்டை. பானை செய்யச் சொன்னால் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வரும் கைகள், இதை மட்டும் அச்சில் வார்த்த மாதிரி உருட்டியிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு சப்பட்டை.

"டாக்டரே தலைவரா தொடர்றாரு!"

கைதட்டல். பின்னாடி நிற்கிறோம் என்றவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

வக்கீல் துள்ளி எழுந்தார். "வெளியில மீசையை முறுக்குறது, உள்ள வந்தா மண்ணை உருட்டுறது! தூ! இந்தச் சங்கம் ஏன் உருப்படலன்னு இப்பத் தெரியுது. நாளைக்கு என் ஜாடி கரைஞ்சா, அந்தச் சேறு உங்க ஒவ்வொருத்தர் கையிலயும் இருக்கும்!"

எல்லோரும் தலைகுனிந்தார்கள். தலைகுனிவதில் அவர்களுக்கு நல்ல பழக்கம்.

கை கழுவும் இடத்தில், ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரான தச்சர் வக்கீலின் காதோரம் வந்தார். "அண்ணே, அந்தச் சப்பட்டை நான் போட்டது. வெளிய சொல்லிடாதீங்க, பல்லு வேலை பாதியில நிக்குது."

வாசலில் அக்கா. "நம்புங்க, அது நான்தான்."

சைக்கிளை எடுக்கப் போனால் அங்கே டாக்சிக்காரன். "அந்த ஒண்ணு யாருன்னு நினைக்கிறீங்க? உங்க தம்பிதான்!" என்று தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

ஒரு சப்பட்டைக்கு மூன்று சொந்தக்காரர்கள்! வக்கீலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாய் கூசாமல் எப்படித்தான் புளுகுகிறார்களோ!

எல்லோரும் போனபின், பட்டறையைப் பூட்டிவிட்டு டாக்டர் வந்தார். நடையில் ஜெயித்த மிடுக்கு இல்லை. கையில் சாவிக்கொத்து தொங்கியது.

"என்ன டாக்டர், இப்ப சந்தோஷம்தானே?" என்றார் வக்கீல் எகத்தாளமாக.

"இன்னிக்காவது இந்தச் சாவி என்னை விட்டுப் போகும்னு உங்களை மலை மாதிரி நம்பினேனேய்யா," என்றார் டாக்டர், கண் கலங்க. "அந்த ஒரே சப்பட்டை நான் போட்டது! அப்ப நீங்களும் உருட்டிட்டீங்களா?"