எட்டுக் கன்றுகளுக்குத் தவிடு

"கன்னுக்குட்டிக்கு வயித்தால போகுதா?" தவிட்டு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து அப்துல் கையூம் தலையை நிமிர்த்தினார்.

"ஆமா பாய். மூணு நாளா தண்ணியாட்டம் போகுது. நேத்து ரெண்டு செத்துப்போச்சு" என்றாள் அன்னம்மா. கன்றுக்குட்டி என்பதைத் தவிர அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

அவளிடம் கன்றும் இல்லை, பசுவும் இல்லை. காலாங் ஆற்றுச் சதுப்பு ஓரம் அவள் குடிசைக்குப் பின்னால் இருந்தவை ஒரு தாய்ப்பன்றியும் அதன் குட்டிகளும். துறைமுகத்தில் மூட்டை சரிந்து புருஷன் செத்த பிறகு அவளுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் அந்தக் குட்டிகள்தான் சோறு.

ஜாலான் புசார் பக்கம் தவிட்டைப் படியில் அளந்து கொடுப்பவர் கையூம் பாய் ஒருவர்தான்; மற்றவர்கள் மூட்டையாகத்தான் விற்பார்கள். ஐந்து வேளை தொழுகிற மனுஷனிடம் போய்ப் பன்றிக்குத் தீனி கொடுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? முதல் நாள் பயத்தில் கன்றுக்குட்டி என்று சொல்லிவிட்டாள். இரண்டு மாதமாக இல்லாத கன்றைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

"மிச்சம் எத்தனை இருக்கு?"

"எட்டு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வாசலில் புண்ணாக்குக்குக் காத்திருந்த பசுபதி சட்டென்று திரும்பினார். டிராம் வண்டி வந்த பிறகும் மாட்டு வண்டியை விடாதவர் அவர். சிராங்கூன் ரோட்டில் எந்தத் தொழுவத்தில் எந்த மாடு என்றைக்குக் கன்று போட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"எட்டுக் கன்னா? எனக்குத் தெரியாம இந்த ஊர்ல எட்டு மாடு எங்கம்மா கன்னு போட்டுச்சு?"

"சொந்தக்காரங்களுது... பாத்துக்கச் சொல்லி விட்டிருக்காங்க."

"எந்தச் சொந்தக்காரங்க? பேரைச் சொல்லு."

கையூம் பாயோ எதுவும் காதில் விழாதவர் போல வைத்தியர் மாதிரி விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தாய்ப்பால் நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம் பாய்."

"என்ன போட்டீங்க?"

"தேங்காப் புண்ணாக்கும் உமித் தவிடும். வயிறு முட்டத் தின்னட்டும்னு தொட்டி நெறைய வெச்சேன்."

"அதான் கெடுத்துச்சு. புண்ணாக்கை இப்போதைக்குக் கண்ணுல காட்டாதீங்க. மாவுத் தவிடு தர்றேன். குருணையோட சேத்துக் கஞ்சியாக் காய்ச்சி, நல்லா ஆறவெச்சு, ஒரு நாளைக்கு அஞ்சு தடவை கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க. அடுப்புக்கரியை இடிச்சு ஒரு பிடி கலந்துக்குங்க. ஈரத்துல படுக்க விடாதீங்க."

பசுபதிக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாய் இது? கன்னுக்கு எவனாவது கரிக்கஞ்சி காய்ச்சுவானா? புல்லு, வைக்கோலுன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறீங்க! ஏம்மா, வெளிய வண்டி நிக்குது, ஏறு. நானே வந்து பாத்துடறேன்."

பசுபதி ஒரு தடவை பார்த்தால் போதும், பொழுது சாய்வதற்குள் சிராங்கூன் ரோடு முழுக்கத் தமுக்கு அடித்துவிடுவார். அப்புறம் பாய் கடையில் தவிடு ஏது? இரண்டு நாளில் அந்த எட்டும் போய்விடும்.

"நீ எதுக்குப் பசுபதி? தீனி என் கடையுது. நாளைக்கு அசர் தொழுதுட்டு நானே போய்ப் பாத்துக்கறேன்" என்றார் கையூம் பாய். சொல்லிக்கொண்டே புண்ணாக்கு மூட்டையைத் தூக்கி பசுபதியின் தோளில் ஏற்றினார். "கெளம்பு, மாடு வெயில்ல நிக்குது."

பசுபதி முணுமுணுத்துக்கொண்டே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அன்னம்மாவுக்குப் பயம் இன்னும் கூடிப்போயிற்று. பசுபதி பார்த்தால் ஊருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பாயே வந்து அந்தப் பன்றிக் கொட்டகை வாசலில் நின்றால் அவர் முகத்தில் எப்படி விழிப்பாள்?

அவர் தவிட்டைக் கட்டி நீட்டினார். வாங்க அவளுக்குக் கை வரவில்லை.

"பாய், நீங்க வர வேணாம். வந்தீங்கன்னா..." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் உங்ககிட்ட இத்தனை நாளா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம் தங்கச்சி." அவசரமாகக் கைகாட்டித் தடுத்தார். "நான் எங்கேயும் வரலை. பசுபதியைக் கெளப்பத்தான் சொன்னேன்."

உள்ளே போனவர் சின்னக் காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்துக் காட்டினார். உப்புப் போடாமல் காயவைத்து இடித்த நெத்திலித் தூள்.

"வயிறு நின்னதுக்கு அப்புறம் கஞ்சியில இதையும் கொஞ்சம் தூவுங்க. சீக்கிரம் தேறிடும்."

அன்னம்மா பொட்டலத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கன்னுக்குட்டி நெத்திலி திங்குமா பாய்?"

கையூம் பாய் படியை எடுத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு அளக்கத் திரும்பிவிட்டார்.

"கன்னு திங்காது. உங்களுது திங்கும்."