திருட்டு மௌனம்

"மௌனத்தைக்கூடவா திருடுவாங்க?" என்று கேட்டாள் சவுண்ட் சாரின் மனைவி.

"திருடியிருக்காளே ஒருத்தி!" என்றார் அவர், துணி அலமாரிக்குள்ளிருந்து.

வகுப்புகள் இணையத்துக்கு மாறியதிலிருந்து அவர் அலமாரிக்குள் உட்கார்ந்துதான் பாடம் நடத்துகிறார். தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். வீட்டில் யாருக்காவது சட்டை வேண்டுமென்றால் வகுப்பு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வீடியோ தயாரிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு ஒலி சொல்லித்தருவது அவர் வேலை. பிளாஸ்டிக் பையைக் கசக்கினால் நெருப்பு. பழைய கையுறையைப் படபடவென்று அடித்தால் புறாக் கூட்டம். எல்லாம் வீட்டிலேயே செய்து, செல்போனில் பதிவு செய்து அனுப்ப வேண்டும். போன வாரம்வரை நெருப்பும் புறாவும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன.

இந்த வாரப் பயிற்சி, அவரவர் வீட்டு மௌனம். முப்பது விநாடி. படத்தில் பேச்சுக்கு அடியில் அதைப் பாயாக விரித்தால்தான் வெட்டி ஒட்டிய இடம் காதுக்குத் தெரியாது.

"எந்த ரெண்டு வீட்டு மௌனமும் ஒண்ணா இருக்காது" என்று அவரே சொல்லியிருந்தார்.

வந்ததில் இரண்டு ஒன்றாக இருந்தன. இரண்டிலும் ஏழாவது விநாடியில் குழாயிலிருந்து ஒரு சொட்டு. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவர் காது பாம்புக் காது.

ஒன்று வகுப்புத் தலைவனுடையது. மற்றது, ஒருநாளும் மைக்கைத் திறக்காததால் ஊமைக்கோட்டான் என்று பெயர் வாங்கியிருந்த பெண்ணுடையது.

"அந்தக் குழாய் யார் வீட்டுது?" என்று வகுப்பிலேயே கேட்டார்.

"எங்க வீட்டுது சார்" என்றான் தலைவன். "அவ கேட்டா, குடுத்தேன். மௌனம்தானே சார், குடுத்தா தேய்ஞ்சா போயிடும்?"

திரையில் பதினெட்டுச் சதுரங்களும் சிரித்தன.

"ஏம்மா, உங்க வீட்டுல மௌனத்துக்குப் பஞ்சமா?"

அவள் பதில் எழுத்தில் வந்தது. 'எங்க வீட்டுல முடியாது சார்.'

"ஏன் முடியாது? ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி எல்லாத்தையும் முப்பது விநாடி அணைக்கணும். இதுக்கு என்ன மலையையா புரட்டணும்?"

'எனக்கு சைபரே போட்டுடுங்க சார்.'

சைபர் போட்டால் இந்தப் பாடத்தில் அவள் தேற மாட்டாள். தேறாவிட்டால் படிப்பு இந்த வருடத்தோடு சரி. அது தெரிந்தே கேட்கிறாள். அந்த அலட்சியம்தான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சரி, உங்க அம்மாகிட்டப் பேசிக்கிறேன்."

'வேண்டாம் சார். ப்ளீஸ். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.'

குட்டு உடைகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்தரைக்கு அழைத்தார்.

"வணக்கம்... சார். சொல்லுங்க." அம்மாக்காரி ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று பேசினாள். இப்போதுதான் படுக்கையை விட்டு எழுந்தவள் போலிருந்தது. தாய் இப்படி என்றால் பெண் எப்படி இருப்பாள்!

"உங்க பொண்ணு அடுத்தவங்க வீட்டு மௌனத்தைத் தன் வீட்டு மௌனம்னு அனுப்பியிருக்காம்மா."

"அய்யோ. அப்படியெல்லாம்... இருக்கா சார்?"

பொறுமையாக விளக்கினார். "இதோ, இப்பகூடப் பின்னாடி ஏதோ மோட்டார் ஓடுது. எனக்கே இங்க கேக்குது. அதை முப்பது விநாடி அணைச்சா முடிஞ்சுது. அதுக்குக்கூட உங்க பொண்ணுக்கு உடம்பு வணங்கல."

மறுமுனையில் கொஞ்ச நேரம் அந்த மோட்டார் மட்டும் ஓடியது.

"இவ்வளவுதானா சார்? என்கிட்ட அவ... ஒரு வார்த்தை சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவா? இந்தக் காலத்துப் பிள்ளைங்க."

"ஃபெயில் மட்டும்... போட்டுடாதீங்க சார். சாயங்காலத்துக்குள்ள வந்துடும்."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "பெத்தவங்க காதுல நாலு வார்த்தை போட்டா எப்படி நடக்குது பார்த்தியா?"

"நாலா? நானும் எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். நானூறு இருக்கும்."

சாயங்காலம் பதிவு வந்தது, அம்மாவின் எண்ணிலிருந்து. கூடவே ஒரு குறிப்பு. 'பொண்ணு கடைக்குப் போன நேரத்தில் நானே எடுத்தேன் சார். நடுவில் வந்துவிட்டாள். சரியில்லை என்றால் நாளைக்கு மறுபடி எடுக்கிறேன்.'

அலமாரிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார்.

முதலில் மோட்டார். அப்புறம் 'டக்'கென்று ஒரு சுவிட்ச். அதன் பிறகு மௌனம். அருமையான மௌனம். தாளில் பத்துக்கு எட்டு என்று எழுதினார்.

பத்தாவது விநாடியில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. எட்டை அடித்து ஏழாக்கினார்.

பதினைந்தில் அந்த மூச்சு விசில் போல இழுத்தது. ஆறாக்கப் போன பேனா பாதியில் நின்றது.

பத்தொன்பதில் கதவு திறந்தது. கனமான பை ஒன்று தரையில் விழுந்தது. அவர் இதுவரை கேட்டே இராத ஒரு குரல் அலறியது.

"அம்மா! ஆக்சிஜன் மெஷினை யாரு நிறுத்தினது?"

"இன்னும் பதினோரு... செகண்டுதாண்டி... பேசாதே... கெட்டுடும்."