கையை எடுத்தாலும் நேராக

"வண்டி இடப்பக்கமா இழுக்குடே. அதனாலதான் நேத்து அந்தப் பயலுக்குக் காலு மட்டும் நசுங்கிச்சு. ஆஸ்பத்திரியவிட்டு அவன் வெளிய வாரதுக்குள்ள சரிபண்ணிரு," என்றார் வீரபாகு, சட்டைக்குப் பித்தான் தைக்கச் சொல்பவர்போல.

காருக்கடியில் படுத்திருந்த மெக்கானிக் ஜெபமணி, முன்சக்கர ஸ்பிரிங்கில் சிக்கியிருந்த நீலச் செருப்பை உருவினான். தம்பிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. இதன் ஜோடி ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் கிடக்கிறது. செருப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சக்கரங்களை மயிரிழை பிசகாமல் நேராக்கினான்.

"ஸ்டியரிங்ல கை வைக்காம ஓட்டிக் காட்டணும் அண்ணாச்சி, அதான் எங்க வழக்கம். தெருக்கோடிச் சுவர்கிட்ட நில்லுங்க. எதிர்ல நின்னாத்தான் இழுக்கா இல்லியான்னு தெரியும்."

வீரபாகு போய் நின்றார். வண்டி வேகமெடுத்ததும் ஜெபமணி இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். ஒரு நூல்கூட விலகவில்லை.

"அட, பிரமாதம்டே!" என்று கைதட்டினார் வீரபாகு.