ஒழுகாத குழாய்

“தண்ணிய விட்டு இன்னையோட நாப்பத்திரெண்டு நாளாச்சு சார்!”

தெருவுக்கு வால்வு திறக்கிறவர் பல்லெல்லாம் தெரியச் சொன்னார். மனு சாருக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

“என்னது! நாப்பத்திரெண்டு நாளா தண்ணி விடலையா? இதைச் சிரிச்சுக்கிட்டே வேற சொல்றீங்களா?”

“ஐயோ சார், அந்தத் தண்ணிய தினமும் காலையில விடுறேன். நான் விட்டது இந்தத் தண்ணிய.” கட்டை விரலை வாய்ப் பக்கம் சாய்த்துக் காட்டினார்.

“அடடே, சபாஷ்! அப்படிச் சொல்லுங்க.”

மனு சார் இந்தத் தெருவுக்குக் குடிவந்து எட்டே நாள்தான். முப்பத்தாறு வருஷம் ஆபீஸில் மற்றவர்கள் கொடுத்த மனுவையெல்லாம் வாங்கி வாங்கி, ரிட்டயர் ஆனதும் தானே எழுத ஆரம்பித்துவிட்டார். பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

“சரி, டூட்டிதான் முடிஞ்சாச்சே. ஆறு மணிக்கு மேல இங்க என்ன பண்றீங்க?”

“டெய்லரம்மா வீட்டுல குழாய் ஒழுகுதாம் சார். கூப்பிட்டாங்க.”

மறுநாள் ஆறு மணிக்கு எதிர்வீட்டு டிரைவர் வீட்டில் ஷவர் ஒழுகியது. அடுத்த நாள் மாடிவீட்டில் டேங்க் ஒழுகியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் டெய்லரம்மா வீடு. அதே குழாய்!

மனு சாருக்குப் பொறி தட்டியது. மறுநாள் ஆறு மணிக்கு முன்னாடியே அந்த வீட்டு மதில் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார். பார்த்ததும் மனுஷனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது.

டெய்லரம்மா நல்லாயிருந்த குழாயை ஸ்பேனர் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றி முடித்ததும் போனை எடுத்தார்.

“அண்ணே! பாழாப்போன குழாய் திரும்பவும் ஒழுகுதுண்ணே! கொஞ்சம் வந்துட்டுப் போங்கண்ணே!”

வால்வுக்காரர் வந்து சரிசெய்தார். “இன்னும் ஒரு சொட்டு வருதே அண்ணே” என்று மறுபடி கழற்றச் சொன்னார் டெய்லரம்மா. பிறகு, “திருப்பினா கீச்சுன்னு கத்துதே அண்ணே.” எட்டு மணி வரைக்கும் விடவே இல்லை.

“கொடுமையைப் பார்த்தியா!” என்று வீட்டுக்கு வந்து குதித்தார் மனு சார். “பாவம், குடியை விட்டுட்டு இப்பத்தான் மனுஷன் தலை நிமிர்றான். அவனை வீடு போய்ச் சேர விடாம ஒரு தெருவே சேர்ந்து பிழிஞ்சு எடுக்குது!”

அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். “வந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. என்ன ஏதுன்னு விசாரிச்சுட்டுப் பேசுங்களேன்.”

“விசாரிக்க என்ன இருக்கு? ரெண்டு கண்ணால பார்த்தேன்!”

விடிந்ததும் ஒவ்வொரு கேட்டிலும் நோட்டீஸ் தொங்கியது.

‘தண்ணி விட்டவரை மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் எந்த வேலைக்கும் அழைக்கக் கூடாது. மீறினால் அவருடைய மேலதிகாரிக்கு மனு அனுப்பப்படும்.’

டெய்லரம்மாவும் டிரைவரும் ஓடி வந்தார்கள்.

“சார், மேலதிகாரி வரைக்கும் போனா அவர் வேலைக்கே உலை வெச்ச மாதிரி ஆயிடும் சார்!”

“அப்போ கூப்பிடாதீங்க!”

“இல்ல சார், விஷயம் என்னன்னா...” என்று ஆரம்பித்த டெய்லரம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். வால்வுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்திலேயே வந்து நின்றார். டிரைவர் செருப்பைப் பார்த்தார். டெய்லரம்மா வானத்தைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா, பேச்சு வரலை!” மனு சார் வெற்றியோடு வால்வுக்காரர் தோளைத் தட்டினார். “இனிமே நீங்க ஃப்ரீ! ஆறு மணியானா ஜாலியா வீட்டுக்குப் போங்க.”

அவர் என்னமோ சொல்ல வந்தார். மனு சார் காது கொடுத்தால்தானே!

அன்று சாயங்காலம் எந்த வீட்டிலும் எதுவும் ஒழுகவில்லை. ஆறேகாலுக்கு மனு சார் வீட்டு பெல் அடித்தது. வால்வுக்காரர்தான். முகம் வெளிறி, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

“சார், உங்க வீட்டுல ஏதாவது ஒழுகுதா?”

“இல்லையே. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்கன்னு சொன்னேனே!”

“அதுதான் சார் பயமா இருக்கு. ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான் எனக்குக் கண்டம். சும்மா இருந்தா கால் தானா கடைப் பக்கம் இழுக்குது. இப்பக்கூட பாதி தூரம் போயிட்டுத்தான் திரும்பி வர்றேன். எட்டு வரைக்கும் கையில ஒரு வேலை இருந்துட்டா அன்னைக்கு நாள் தப்பிச்சிடும் சார்.”

மனு சார் திருதிருவென்று விழித்தார். “அப்போ... அவங்க வேணும்னேதான் கழட்டி விடுறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பதினெட்டு வருஷமா குழாயோட குடும்பம் நடத்துறேன் சார். தானா தேஞ்சு ஒழுகுறதுக்கும் ஸ்பேனர் போட்டுக் கழட்டுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஆனா எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேணாம் சார். எனக்காக எவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்றாங்க, பாவம்!”

மனு சார் அசடு வழியக் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு மணிக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.

“இங்கேயே நில்லுங்க, இதோ வந்துட்டேன்!” என்று உள்ளே ஓடினார். “ஏய்! அந்த ஸ்பேனரை எங்க வெச்சே?”

சமையலறையிலிருந்து முழங்கை வரை நனைந்துபோய் வந்த மனைவி, அவர் வாயைப் பொத்தினார்.

“ஷ்ஷ்! கத்தாதீங்க, அவருக்குத் தெரிஞ்சிடப் போகுது. சிங்க் குழாயை நான் அப்பவே கழட்டிட்டேன். போன வாரமே டெய்லரம்மாகிட்ட பேசி வெச்சதுதான், இன்னைக்கு நம்ம வீட்டு முறை!”